லமாரின் கட்டைவிரல்

அமெரிக்காவின் நன்றித் திருநாளுக்கு மறுநாள் காலை பத்து மணிக்கும் குவாரியின் நிழல் பக்கத்தில் உறைபனி உருகவில்லை.

லமார் சாய்வுப் பலகையில் முழங்கை ஊன்றி மூன்று முறை சுட்டான். எதிர்க்கரையில் மாட்டிய அட்டையில் மூன்று ஓட்டைகளும் ஒரு உள்ளங்கைக்குள் அடங்கின. நான்காவது தோட்டாவை ஏற்றி, குறியில் கண்ணை ஒட்டினான்.

"நிறுத்துப்பா," என்றார் வெர்ன். "அட்டை காத்துல கழண்டு தொங்குது. போய் மாட்டிட்டு வரேன்."

லமார் நிறுத்தினான். இனி சுத்தியலை இறக்க வேண்டும்.

அது பழைய லீவர் துப்பாக்கி. விசைக்கு அடியில் உள்ள லீவரை வலது கையால் கீழே முன்னால் தள்ளி இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும், சுத்தியலும் பின்னால் போய் நிற்கும். பாதுகாப்புப் பொத்தான் கிடையாது. பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சுத்தியலைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு, விசையை இழுத்து, மெல்ல இறங்க விட வேண்டும். பாதி வழியில் அது ஒரு பல்லில் உட்காரும். அதற்கு முன் விரல் நழுவினால் வெடிக்கும்.

லமார் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே அதைச் செய்தான். நாக்கின் நுனி உதட்டுக்கு வெளியே வந்திருந்தது. சுத்தியல் இறங்கி உட்கார்ந்தது.

பக்கத்தில் நின்ற கேலன் மூச்சை விட்டான். சிறு வயதிலிருந்து லீவர் பிடித்தவன் எவனும் விரலைப் பார்த்துக்கொண்டு சுத்தியலை இறக்க மாட்டான். பார்க்க வேண்டியதில்லை. விரலுக்கே தெரியும்.

லமாரின் விரலுக்குத் தெரியாது. போன ஏப்ரலில் மரம் அறுக்கும் ஆலையில் சங்கிலி அதைக் கவ்விக்கொண்டது. மருத்துவமனையில் ஒட்டவைத்தார்கள். மடங்கும், நிமிரும், அவ்வளவுதான். சுடுகிற காபிக் கோப்பையில் வைத்தாலும் அதற்கு உறைக்காது. நடீன் சொல்லித்தான் எடுப்பான்.

நடீன் லமாரின் மனைவி. கேலனுக்கு அக்கா.

திங்கட்கிழமை மான் வேட்டைக் காலம் திறக்கிறது. மலையில் உள்ள அவர்களின் வேட்டை முகாமுக்கு மேலே, பள்ளத்தில் வருடா வருடம் நடப்பதுதான் நடக்கும். கேலன் கீழேயிருந்து சத்தம் கொடுத்துக்கொண்டு மானை மேலே விரட்டுவான். லமார் பள்ளத்தின் உச்சியில் காத்து நிற்பான். மான் சுடத் தோதாக வராமல் போனால், ஏற்றிய சுத்தியலை இறக்குவான். விரட்டுகிறவன் மரங்களுக்கு நடுவே வெளிப்படுகிற நேரமும் அதுதான். குழல் எந்தப் பக்கம் பார்த்திருக்கும் என்று கேலனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

வாயைத் திறந்து சொல்லிவிடலாம். ஆனால் அந்தத் துப்பாக்கி கேலனின் அப்பாவுடையது. அவர் அதை மகனுக்குக் கொடுக்கவில்லை, மருமகனுக்குக் கொடுத்துவிட்டுச் செத்தார். அந்தக் கிறிஸ்துமஸுக்குக் கேலன் அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அடுத்த கிறிஸ்துமஸுக்குப் போனான். பேச்சு அதைப் பற்றி ஒருமுறைகூட வரவில்லை. இருவரும் பார்த்துப் பார்த்து அதைச் சுற்றி நடந்தார்கள், நடுக்கூடத்தில் படுத்திருக்கும் நாயைச் சுற்றி நடப்பது போல.

இப்போது போய் அந்தத் துப்பாக்கி வேண்டாம் என்றால், லமாரின் காதில் வேறு ஒன்றுதான் விழும்.

அதனால் கேலன் தன்னுடைய பம்ப் துப்பாக்கியை எடுத்து நீட்டினான்.

"இதுல நாலு சுட்டுப் பாரேன்."

"எதுக்கு?"

"சும்மாதான். முன்கட்டையைப் பின்னால இழுத்து முன்னால தள்ளினா அடுத்த தோட்டா ரெடி. கண்ணை எடுக்கவே வேண்டாம்."

வெர்ன் அட்டையை மாட்டிவிட்டுத் திரும்பி வந்திருந்தார். எழுபது வயது. முகாமின் சமையல் அவர் பொறுப்பு, நியாயம் சொல்வதும் அவர் பொறுப்பு. "பம்ப்பா? என் பல்செட்டு மாதிரி கடகடன்னு ஆடும் அது. மான் அடுத்த ஊர்லேர்ந்தே கேட்டுட்டு ஓடிடும்."

"உங்க பல்செட்டைக் கேட்டுதான் ஓடுது," என்றான் லமார்.

"தானா தோட்டா ஏறுற துப்பாக்கி நம்ம மாநிலத்துல மானுக்கு ஆகாது. மிச்சம் மூணு, லீவர், பம்ப், போல்ட்," என்றார் வெர்ன். "அதுல போல்ட்தான்டா ராஜா. கைப்பிடியைத் தூக்கு, இழு, தள்ளு, இறக்கு. இரும்புப் பெட்டி பூட்டின மாதிரி. ஒரு குண்டு, ஒரு மான், வீட்டுக்குப் போய்ச் சாப்பிடு."

"நீங்க கடைசியா எப்ப மான் அடிச்சீங்க, வெர்ன்?" என்று கேட்டான் கேலன்.

"அதுல துப்பாக்கி மேல தப்பில்ல. மான் வரல."

லமார் பம்ப்பைத் தொடவில்லை. மடியில் கிடந்த லீவரைத் துணியால் துடைத்தான். "இதுக்கு என்ன குறை இப்ப?"

"குறைன்னு யாரு சொன்னா," என்றான் கேலன். "வயசாயிடுச்சு. கொஞ்சம் ஓய்வு குடுக்கலாம்."

"குடுக்கலாம். ஓய்வு குடுத்து யாரு வீட்டுச் செவுத்துல மாட்டறது?"

வெர்ன் தொண்டையைச் செருமிக்கொண்டு தோட்டா டப்பாவை மூடினார். கேலன் பம்ப்பை உறையில் போட்டான்.

சனிக்கிழமை மதியம் லமார் வண்டிக்கு டீசல் போடப் போயிருந்த நேரம் பார்த்துக் கேலன் அக்கா வீட்டுக்குப் போனான். நடீன் மிஞ்சிய வான்கோழியை எலும்பிலிருந்து உரித்துக்கொண்டிருந்தாள். அவனுக்கும் ஒரு கத்தியைக் கொடுத்தாள்.

"அவன் விரலை நீ பாத்தியா, நடீன்?"

"நான் பாக்காம? ராத்திரி மருந்து தடவறவ நான்."

"அப்ப நீ சொல்லு."

"சொன்னேன்டா. பொண்டாட்டி தொணதொணப்புன்னு ரேடியோவைச் சத்தமா வச்சுக்கிட்டாரு. நான் சொன்னா தொணதொணப்பு. நீ சொன்னா துப்பாக்கி மேல ஆசை. வேற யாரு சொல்வா?"

"வெர்ன்?"

"வெர்ன் சொன்னா ஊரே சொன்ன மாதிரி. அப்புறம் இவரு மரத்துல ஏறிட்டு இறங்க மாட்டேங்கற பூனைதான்." அவள் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டாள். "நீ இந்த வருஷம் விரட்டப் போகாத. முதுகு வலின்னு சொல்லு."

"அப்ப வேற ஒருத்தன் முன்னால நடப்பான்."

நடீன் கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு எடுத்து மறுபடி உரித்தாள்.

"அப்பாவுக்கு அறிவு இருந்துதா பாரு," என்றாள். "ஆளுக்கு ஒண்ணு வாங்கி வச்சுட்டுப் போயிருக்கலாம்."

திங்கட்கிழமை. வேட்டையின் முதல் நாள் என்பதால் பள்ளிக்கூடம் விடுமுறை, ஆலை விடுமுறை, வங்கிகூட மதியத்துக்கு மேல்தான். முகாமில் வெர்ன் பன்றி இறைச்சியும் கோதுமை அடையும் சுட்டுப் போட்டார். பள்ளத்தில் ஓடைத் தண்ணீர் வழிந்து கிடக்கும் என்பதால் கேலன் முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸை இழுத்து மாட்டினான். மற்ற வேட்டைக்காரர் கண்ணில் படும்படி எல்லோரும் ஆரஞ்சு மேலுடுப்பு போட்டார்கள்.

லமார் லீவர் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு முதல் ஆளாகக் கிளம்பினான். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கேலன் காத்திருந்துவிட்டு, பம்ப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு கீழிருந்து நடக்க ஆரம்பித்தான். குச்சியால் மரங்களைத் தட்டினான். இரண்டு பெண் மான்கள் எழுந்து பக்கவாட்டில் தாவின. முதல் சில நாட்களுக்குக் கொம்புள்ளதை மட்டும்தான் சுடலாம். அவன் தட்டிக்கொண்டே ஏறினான். பாதித் தூரத்தில் காட்டுப்புதர் நடுங்கியது. அதிலிருந்து ஒரு கலைமான் வெளியே வந்தது. கொம்பில் எட்டு முனை. அது ஓடவில்லை. திரும்பி அவனைப் பார்த்துவிட்டு, தலையைத் தாழ்த்திக்கொண்டு, நேராக மேலே போனது. லமார் இருக்கும் இடத்துக்கு.

கேலன் நின்றான். இப்போது வெடிக்கும். வெடித்துவிட்டால் நல்லது. தோட்டா அறை காலியானால் சுத்தியலால் ஆபத்தில்லை, அடுத்த தோட்டாவை ஏற்றும்வரை.

வெடிக்கவில்லை.

அவன் மேலும் கொஞ்சம் ஏறினான். உச்சியில் பீச் என்னும் காட்டு மரங்களுக்கு அப்பால் ஆரஞ்சு நிறம் தெரிந்தது. லமார் நின்றுகொண்டிருந்தான். துப்பாக்கி இடுப்பளவில் இருந்தது.

சுத்தியலை இறக்கும் நேரம் இதுதான். பக்கத்தில் ஒரு பீச் மரம் இருந்தது, இரண்டு ஆள் அகலம். கேலன் அதன் பின்னால் போய் நின்றான். முதுகை ஒட்டிக்கொண்டு நின்றான். திருப்பிய கன்னத்தில் மரப்பட்டை சில்லென்று பட்டது. ஐம்பத்திரண்டு வயது. ஊர் சாலையில் பனி தள்ளும் வண்டியை மலைச்சரிவில் ஓட்டுகிறவன். இப்படி ஒளிந்து நின்றது கடைசியாக எப்போது என்று அவனுக்கு நினைவில்லை.

காது கொடுத்துக் கேட்டான். எதுவும் வரவில்லை. ஒரு மரங்கொத்தி இரண்டு முறை தட்டிவிட்டு ஓய்ந்தது.

"கேலன்?" லமாரின் குரல். "நீதான?"

"நான்தான்."

"மரத்துக்குப் பின்னால என்ன பண்ற?"

"பூட்ஸ் கயிறு அவுந்துடுச்சு. கட்டிட்டு வரேன்."

"சரி."

கொஞ்ச நேரம் குனிந்து நின்றான். பிறகு வேறு வழியில்லாமல் வெளியே வந்தான். கையை வீசி, சத்தமாகக் கிளைகளை மிதித்து நடந்தான்.

லமார் ஒரு விழுந்த மரத்தில் உட்கார்ந்திருந்தான். துப்பாக்கி மடியில் குறுக்கே கிடந்தது. குழல் பள்ளத்துக்கு எதிர்ப்பக்கம் பார்த்திருந்தது.

"எட்டு முனை," என்றான் கேலன். "உன்கிட்டதான் வந்துது."

"வந்துது. இங்கேர்ந்து அந்தக் கல்லு தூரம். நின்னு என்னைப் பாத்துது."

"சுத்தியல் மாட்டிக்கிச்சா?"

லமார் லீவரைக் கீழே தள்ளித் திறந்தான். துப்பாக்கியைத் தூக்கி அவன் பக்கம் சாய்த்தான். அறை காலி. குழலுக்கு அடியில் தோட்டா நிரப்பும் குழாயும் காலி. சட்டைப் பையைத் தட்டினான். தோட்டாக்கள் அங்கே கிணுகிணுத்தன.

"காலையிலேர்ந்து இப்படித்தான்," என்றான்.

கேலன் பக்கத்தில் உட்கார்ந்தான். முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டான். கை ஈரமாக வந்தது.

"உனக்குத் தெரியாது," என்றான் லமார். "இந்த விரலுக்கு ஒண்ணும் தெரியறதில்ல."

"அப்படியா," என்றான் கேலன்.

"சனிக்கிழமை ராத்திரி அவ தூங்கினப்புறம் அடுப்பங்கரையில வச்சு, காலித் துப்பாக்கியில இறக்கிப் பாத்தேன். கையுறை போட்டு. பாதி நேரம் நழுவுது. டப்புன்னு விழுந்துது. விழுந்தப்புறம்தான் எனக்கே தெரியுது."

"அப்ப வீட்டுலேயே வச்சுட்டு வர்றதுதான?"

"வச்சுட்டு வந்தா? நாளைக்கு நீ வந்து கேட்ப. உங்கப்பன் துப்பாக்கி. சுடாதவன் வீட்டுல எதுக்குன்னு."

"கேக்க மாட்டேன்."

"பொய்."

"சரி, கேட்டிருப்பேன். பத்து வருஷத்துக்கு முன்னாடி."

"இப்ப?"

கேலன் யோசித்தான். உண்மையிலேயே யோசித்துப் பார்த்தான். அந்தத் துப்பாக்கியின் கட்டை, அப்பாவின் கன்னம் பட்டு ஒரு இடத்தில் கறுத்திருந்தது. அது இப்போது லமாரின் கன்னம் பட்டும் கறுத்திருக்கும். எது யாருடையது என்று இனி பிரிக்க முடியாது.

"இப்ப எனக்குக் காபி வேணும்," என்றான்.

லமார் குடுவையை நீட்டினான். இருவரும் குடித்தார்கள். கேலனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான். மறுபடி வந்தது.

"என்னடா?"

"எட்டு முனை மான் உன்னைப் பாத்துட்டுப் போயிருக்கு. நீ டாட்டா காட்டினியா?"

"வெர்ன்கிட்ட மூச்சு விட்டா கொன்னுடுவேன்."

"எதால? காலித் துப்பாக்கியாலயா?"

லமாரும் சிரித்தான். அடிவயிற்றிலிருந்து வந்த சிரிப்பு. எதிர்மலை வரை கேட்டிருக்கும். மான் வேட்டைக்கு வந்தவர்கள் இப்படிச் சிரிக்கக் கூடாது.

கேலன் தோளிலிருந்து பம்ப்பைக் கழற்றினான். தோட்டாப் பெட்டியையும் கழற்றி, அறையையும் திறந்து காட்டிவிட்டு, அவன் மடியில் வைத்தான்.

"இப்பவாவது பாரு. இழுக்கறது, தள்ளறது எல்லாம் இடது கை. வலது கைக்கு விசை மட்டும்தான். பாதுகாப்புப் பொத்தான் விசைக்குப் பக்கத்துல, ஆள்காட்டி விரலால தட்டினா போதும். சுடலேன்னா மறுபக்கத்துலேர்ந்து தட்டிடு. இறக்கறதுக்குச் சுத்தியலே இல்ல. கட்டைவிரலை நீ பாக்கெட்ல போட்டுக்கலாம்."

லமார் பொத்தானைத் தட்டினான். திருப்பித் தட்டினான். ஆள்காட்டி விரலுக்கு அது தெரிந்தது. முகத்தில் அது தெரிந்தது.

"கடகடன்னு ஆடுதே."

"ஆடட்டும்."

"குவாரியில இதுக்குத்தான் நீட்டினியா?"

"சும்மா நீட்டினேன்."

லமார் முன்கட்டையை இழுத்துத் தள்ளிப் பார்த்தான். மறுபடியும். "போல்ட்டா இருந்தா கைப்பிடியைத் தூக்க இந்தக் கை வேணும்," என்றான் தனக்குள். "வெர்ன் சொல்றது எனக்கு ஆகாது." பிறகு லீவர் துப்பாக்கியை எடுத்துக் கேலனிடம் கொடுத்தான். "பாத்துத் தூக்கு. கட்டையில கீறல் விழப்போகுது."

கேலன் அதை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். அப்பா செத்த பிறகு அது அவன் தோளுக்கு வருவது முதல் முறை. நினைத்ததைவிட எடை குறைவாக இருந்தது.

மதியத்துக்கு மேல் இன்னொரு பள்ளம். கேலன் கீழிருந்து நடந்தான். இந்த முறை எந்த மரத்தின் பக்கமும் ஒதுங்கவில்லை. நடுப்பாதையில், குச்சியைத் தட்டிக்கொண்டு, ஒரு பழைய பாட்டைக் கட்டைக் குரலில் பாடிக்கொண்டு போனான். ஆறு முனைக் கலைமான் ஒன்று எழுந்து ஓடியது. மேலே வெடித்தது.

ஒரே வெடி. அடுத்தது வரவில்லை.

கேலன் மேலே போய்ச் சேர்ந்தபோது லமார் ஒரு அடி எடுத்து வைத்த நிலையில் நின்றுகொண்டிருந்தான். வலது கை விசையை விட்டுக் கீழே இறங்கி, முன்னால் நீண்டு, வெறும் காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"தாண்டிப் போயிடுச்சு," என்றான். "முதல் குண்டு மேல போயிடுச்சு. அடுத்ததுக்கு..." தன் கையைப் பார்த்தான். "லீவரைத் தேடினேன்."

"லீவரா?"

"இல்லாத லீவரை இழுத்துட்டிருந்தேன். மான் நின்னு வேடிக்கை பாத்துட்டுப் போகுது. திரும்பத் திரும்ப இழுக்கறேன்."

பொத்தானைத் தட்டி, பெட்டியைக் கழற்றி, அறையைத் திறந்துவிட்டுத்தான் கேலன் சிரிக்க லமார் அனுமதித்தான். இருவரும் மான் நின்ற இடத்துக்குப் போய் இலைகளைப் புரட்டினார்கள். வெகுதூரம் வரை தடத்தைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒரு சொட்டு ரத்தமோ முறிந்த மயிரோ இல்லை. குண்டு மானைத் தொடவே இல்லை. அதுவும் ஒரு நிம்மதி.

இருட்டுவதற்கு முன்பே முகாம் அடுப்பு கணகணவென்று எரிந்தது. வெர்ன் கோழி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்து வந்தார். சுட்டுத் தவறினால் சட்டையின் வால் போகும். முகாம் கட்டிய நாளிலிருந்து அதுதான் சட்டம். சுவர் முழுக்கக் கட்டம் போட்ட துணித் துண்டுகள், ஆள் பெயரோடும் வருடத்தோடும். வெர்னுடையதே ஏழெட்டு இருக்கும்.

"திரும்புடா," என்றார்.

"நல்ல சட்டை இது. நடீன் பொறந்தநாளுக்கு வாங்கினது."

"அவ துப்பாக்கி வாங்கித் தந்திருக்கணும். திரும்பு."

லமார் திரும்பினான். கத்தரிக்கோல் கம்பளித் துணியில் அரைத்து அரைத்து ஏறியது. வெர்ன் துண்டை மேசையில் விரித்து, தடித்த பேனாவால் பெயர் எழுதினார்.

"காரணம்னு ஒண்ணு எழுதணுமே. காத்தா? வெளிச்சமா?"

"இல்லாத லீவர்னு எழுதுங்க," என்றான் கேலன்.

"அதைத்தான் சொன்னேன். போல்ட் வாங்கியிருந்தா இந்த அசிங்கம் உண்டா?"

"போல்ட் வச்சுத் தவறவிட்டு உங்க பேரு எத்தனை தடவை செவுத்துல இருக்கு?" என்றான் கேலன்.

"அது துணி அதிகமா இருந்ததால."

நடீன் வாசலில் பரங்கிக்காய் இனிப்புப் பலகாரத்தோடு வந்து நின்றாள். வேட்டை திறக்கும் நாளில் அவள் எப்போதும் அந்தப் பலகாரம் கொண்டுவருவாள். இன்று வழக்கத்தைவிட முன்னால் வந்திருந்தாள். முதலில் கணவனைப் பார்த்தாள், பிறகு தம்பியை, மேலிருந்து கீழ் வரை. இருவரும் முழுசாக இருந்தார்கள். ஒருவனுக்குச் சட்டை வால் மட்டும் இல்லை. அவள் பலகாரத்தை மேசையில் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, கோட்டைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"துப்பாக்கி எங்க?" என்றாள்.

கேலன் அடுப்புக்கு மேலே காட்டினான். அங்கே இரண்டு ஆணிகளில் லீவர் துப்பாக்கி கிடையாக இருந்தது. மதியமே இருவரும் சேர்ந்து அடித்த ஆணிகள். ஒன்று கொஞ்சம் கோணல்.

"யாரு வீட்டுச் செவுத்துலயும் இல்ல," என்றான் லமார்.

நடீன் அதை நெடுநேரம் பார்த்தாள். "இடது பக்கம் இறங்கியிருக்கு," என்றாள். பலகாரம் வெட்டக் கத்தி கேட்டாள்.

எல்லோரும் சாப்பிட்டார்கள். லமார் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் காலை நீட்டினான். அங்கே எல்லோருடைய பூட்ஸும் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவன் ஒன்றில் நின்றான். முழங்கால் உயர ரப்பர், மேலிருந்து கீழ் வரை ஒரே வழுவழுப்பு. கரண்டியை மென்றபடி அதையே பார்த்தான்.

"கேலன், இதுல கயிறு எங்கப்பா இருக்கு?"